பயத்துக்கும் மணிக்கணக்கு இருந்தது

2020 மார்ச் கடைசியில் பயம் இல்லாத ஆளே கிடையாது. எல்லோரும் பயந்துகொண்டிருந்ததாலேயே, அதில் யாருடைய பயம் வேறு ரகம் என்பது யார் கண்ணுக்கும் படவில்லை.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளியும் ராகியும் விளைகிற பூமி. என் மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், 2015-லிருந்து பார்க்கின்சன் நோய். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது, மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் பாதிக்குள் அத்தைக்கு நெஞ்சு படபடப்பும் உள்ளங்கை வியர்வையும் ஆரம்பித்துவிட்டன. திடீரென்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ ஆவப்போவுது கண்ணு, என்னான்னு சொல்லத் தெரியல" என்பார்கள். டிவியில் சாவு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி என்றார்கள் அக்கம்பக்கத்தில். டிவியை நிறுத்தினோம். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார் மாமா. திருநீறு போட்டுவிட்டார்கள். பயம் நிற்கவில்லை.

அந்தப் பயமும், அதன் பின்னாலேயே வந்த துக்கமும், பார்க்கின்சன் நோயின் பாகங்கள். கை நடுக்கம் எப்படி நோயோ அப்படியே அதுவும் நோய். இதை எங்கள் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுதியும் வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

பார்க்கின்சன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நடுங்கும் கை. மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்கிற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் உடம்பின் அசைவு மந்தமாகிறது, தசை இறுகுகிறது, கை நடுங்குகிறது. இவ்வளவுதான் பெரும்பாலான வீடுகளில் தெரியும். ஆனால் டோபமின் கை கால் அசைவுக்கு மட்டும் உள்ளதில்லை. ஒரு காரியத்தில் ஆசை வருவதற்கும், செய்து முடித்த பிறகு வருகிற திருப்திக்கும் அதுதான் வேண்டும். போதாததற்கு, மனநிலையைத் தாங்கிப் பிடிக்கிற செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் செல்களையும் இந்த நோய் விடுவதில்லை. பார்க்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது மருத்துவம் பார்க்கவேண்டிய அளவு மனச்சோர்வு இருக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. பதற்ற நோயும் ஏறக்குறைய அதே அளவு. சிலருக்கு நடுக்கம் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மனச்சோர்வு வந்துவிடும்.

அத்தைக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. 2013 வாக்கிலேயே பண்டிகைக்குப் புதுப்புடவை எடுப்பதில் ஆசை போய்விட்டது. பூ வைத்துக்கொள்வதை விட்டார்கள். மாரியம்மன் பண்டிகையில் மாவிளக்கு எடுக்க முன்னால் நிற்கிறவர், "நீங்க போயிட்டு வாங்க" என்று படுத்துவிட்டார்கள். செய்வினை என்றுகூட யாரோ சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் களி கிண்டும்போதுதான் தெரிந்தது. இருபது பேருக்குக் களி கிண்டிய கை அது. பானையைக் காலால் அணைத்து, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினால் மாவில் ஒரு கட்டி நிற்காது. அன்றைக்கு வலது கை பாதிச் சுற்றில் நின்றுபோனது. கட்டை பானைக்குள் நின்றது, கை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இந்த நோயை முதலில் முறையாக எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், லண்டன் மருத்துவர், 1817-ல். அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அதிலும் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததுதான். நடையையும் நடுக்கத்தையும் அவ்வளவு துல்லியமாகக் கவனித்தவர், புலன்களும் அறிவும் இந்த நோயில் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதிவிட்டார். தெருவில் நடப்பவரின் நடை தெரியும், மனசு எப்படித் தெரியும்? இருநூறு வருடம் தாண்டியும் நாம் பெரும்பாலும் அந்தத் தெருவில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கையை நீட்டச் சொல்கிறார்கள், நடந்து காட்டச் சொல்கிறார்கள், விரலைத் தட்டச் சொல்கிறார்கள். ராத்திரி என்ன நினைத்துப் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு.

சரி, ஊரடங்குக்கு வருகிறேன்.

அத்தையின் நாள் பால் சொசைட்டியில்தான் தொடங்கும். காலை மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஆரம்பித்ததும் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து சொசைட்டி கூப்பிடு தூரமில்லை, நன்றாகவே நடக்கவேண்டும். பால் ஊற்றுவது ஒரு சாக்கு. அங்கே நாலு பெண்கள் இருப்பார்கள், கன்றுக்குட்டி, மருமகள், தக்காளி விலை என்று பேச்சு ஓடும். திரும்பும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சந்தை நாளில் பாலக்கோட்டுக்குப் பஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரு டாக்டரிடம் போகும்போது பாலக்கோட்டில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ராயக்கோட்டை தாண்டும் வரை அக்காவின் ஊரைத் தேடிப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

ஊரடங்கில் பால் நிற்கவில்லை, ஊற்றப் போகும் ஆள்தான் மாறியது. வயசானவர்களை வெளியே விடாதீர்கள் என்று அரசாங்கமும் சொன்னது, பிள்ளைகளும் சொன்னார்கள். கொழுந்தனார் வண்டியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார். பயணிகள் ரயில்கள் மார்ச் 22 நள்ளிரவோடு நின்றன. சந்தை மூடியாகிவிட்டது. தோட்டத்தில் தக்காளி பழுத்து, வாங்க ஆளில்லாமல் வரப்போரம் கொட்டிக் கிடந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் எல்லோருக்கும்தான் நடப்பும் பேச்சும் நின்றது. பார்க்கின்சன் உள்ளவருக்கு அதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ரிக் ஹெல்மிச், பாஸ் ப்ளூம் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் 2020-லேயே இதை எழுதினார்கள். புதிய நிலைமைக்குத் தக்கபடி மனசை மாற்றிக்கொள்ள மூளைக்கு டோபமின் வேண்டும். பார்க்கின்சன் உள்ளவரிடம் குறைவதே அதுதான். நேற்று வரை ஒரு மாதிரி, இன்றிலிருந்து வேறு மாதிரி என்று உலகமே உத்தரவு போடும்போது, அதற்கு வளைந்துகொடுக்க வேண்டிய பாகமே பழுதாகி இருக்கிறது. மன அழுத்தமோ நடுக்கத்தைக் கூட்டும், நடையை உறையவைக்கும். நடை உறைந்தால் பயம் கூடும். அதே நகரத்துக்காரர்கள் 358 நோயாளிகளிடம் கேட்டதில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உடலுழைப்பு குறைந்திருந்தது. கொரோனாவால் அழுத்தம் அதிகம் இருந்தவர்களிடம் நோய்க்குறிகளும் மோசமாகியிருந்தன. நைமேகனுக்கும் பாலக்கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது எங்கள் திண்ணையைத்தான் பார்த்தேன்.

அத்தைக்கு முதலில் உறைந்தது வாசற்படியில். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேலுடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. "நட அத்தை, நட" என்று பின்னாலிருந்து சொன்னால் இன்னும் இறுகும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிலைப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன், ஏனென்றால் அத்தையின் பயத்தின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

லெவோடோபா என்பதுதான் இந்த நோய்க்கு முக்கியமான மருந்து. எங்கள் வீட்டில் கார்பிடோபா சேர்ந்த சின்டோபா மாத்திரை. மூளைக்குப் போய் டோபமினாக மாறும். ரத்தத்தில் அது வெகுநேரம் தங்காது, ஒன்றரை மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும். நோயின் ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் செல்கள் அதைச் சேமித்து வைத்துச் சமாளித்துவிடும். வருடம் போகப் போகச் சேமிக்க இடமில்லை. அடுத்த மாத்திரைக்கு நேரமாகும் முன்பே முந்தைய மாத்திரை தீர்ந்துபோகும். அப்போது உடம்பு இறுகுவது எல்லோருக்கும் தெரியும். மனசும் அதே நேரத்தில் இறங்கும் என்பதுதான் தெரிவதில்லை.

பெங்களூரு டாக்டர் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-ம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வெளியிட்டிருந்தது. அதனால்தான் அது முடிந்தது. அவர் கேட்டார், "பயம் எத்தனை மணிக்கு வருது?" எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. பயத்துக்கு என்ன மணி? ஒரு வாரம் எழுதி வையுங்கள் என்றார். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கால் இறுகிய நேரம், பயம் வந்த நேரம்.

மகளின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மாத்திரை 6 மணி, 10 மணி, 2 மணி, மாலை 6 மணி. பயம் 9 மணிக்கு மேல், ஒன்றே காலுக்கு, ஐந்து மணி வாக்கில். மறுநாளும் அதேபோல. டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாத்திரை தீரும் நேரத்தில் பயம் வந்தது. மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணியில் போனது. கை வியர்வையும் அப்படியே. அந்த நோட்டை மாமா ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடக் குடித்தனம் அவர்களுடையது. "இவ வேணும்னே செய்யலடா" என்று மகனிடம் சொன்னார்.

டாக்டர் மாத்திரைக்கு இடையே இருந்த இடைவெளியைக் குறைத்து, அளவைப் பிரித்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். பருப்பு, பயறில் உள்ள புரதம் குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும். மாத்திரை போட்ட கையோடு மொச்சைக்கொட்டைக் குழம்பும் களியும் சாப்பிட்டால் மருந்து உள்ளே சரியாகப் போகாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணியாவது இடைவெளி விடவேண்டும். மொச்சையையும் கொள்ளையும் ராத்திரிக்குத் தள்ளிவைத்தோம். மத்தியானம் களிக்குக் கீரை கடைசல். மத்தியானப் பயம் பாதியாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

இந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்காது. பெங்களூரில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வருவோம். ஏப்ரலில் அட்டை தீரத் தீர, எனக்கு ராத்திரி தூக்கம் போனது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சல், உடம்பு கட்டையாக இறுகிப்போவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும் லாரிகளுக்குத் தடை இல்லை. பக்கத்துத் தெரு டிரைவர் தம்பி சீட்டின் போட்டோவைச் செல்போனில் வாங்கிக்கொண்டு போய், மாத்திரையோடு வந்தார். அட்டைகளைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று, "அத்தைக்குச் சொல்லுங்க அண்ணி, இனிமே எப்ப வேணும்னாலும் நான் வாங்கியாறேன்" என்றார். அன்றைக்கு அத்தையின் பயத்தைக் குறைத்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. மருந்து இருக்கிறதா இல்லையா என்ற கவலையும் ஒரு நோய்தானே.

இதற்கு நடுவில் உறவுக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தனுப்பினார். நம்பிக்கையோடுதான் கொடுத்தார், வீண்பேச்சும் இல்லை அது. பூனைக்காலி விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஒரு கரண்டியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும், உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கும், மனக்குழப்பம் வரும்.

மே மாதத்தில் அத்தையின் அக்கா இறந்துபோனார்கள். ராயக்கோட்டைப் பக்கம். எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம், அவர்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். பஸ் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏப்ரல் 30-ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத மாவட்டமாக, இருந்தது கிருஷ்ணகிரி மட்டும்தான். அதனால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெளியாளை உள்ளே விட ரொம்பவே தயக்கம். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. இ-பாஸ் கிடைத்திருக்கலாம், ஆனால் அன்றைய நிலையில் அத்தையை அழைத்துக்கொண்டு போக முடியவில்லை. வீட்டுக்காரர் மட்டும் போனார். அத்தை வீடியோவில் பார்த்தார்கள்.

போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒப்பாரி கேட்கிறது. அத்தையின் முகம் அசையவில்லை. கண்ணைக்கூட அதிகம் இமைக்கவில்லை. பார்க்கின்சனில் முகத் தசைகளும் இறுகிப்போகும், சிரிப்பு, அழுகை எதுவும் வெளியே தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "கூடப் பொறந்தவ போயிட்டா, கல்லாட்டம் உக்காந்திருக்கா பாரு" என்றது போனிலேயே கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்கும். மடியில் கிடந்த வலது கை மட்டும், எப்போதும் ஆடுவதைவிடப் பல மடங்கு வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. என் முழங்கையால் அந்தக் கையை அணைத்துக்கொண்டேன். அழுகை முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது.

இந்த நோயாளிகளின் துக்கத்தை முகத்தில் தேடாதீர்கள். முகம் இறுகியிருப்பவருக்கெல்லாம் மனச்சோர்வு என்றும் சொல்ல முடியாது, முகம் சும்மா இருப்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும். அதிலும் பக்கத்தில் உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருந்து கேட்கவேண்டும். பார்க்கின்சனில் பேச்சு மெலிந்துபோகும், சொல் வெளியே வர நேரமாகும். முகக்கவசம் வந்த பிறகு அந்த மெல்லிய குரலும் துணிக்குள்ளேயே அடங்கிவிட்டது. மருந்துக்கடை, ரேஷன் கடை எங்கே போனாலும் "என்னாது? என்னாது?" என்பார்கள். இரண்டாவது தடவைக்கு மேல் அத்தை பேசுவதை விட்டுவிடுவார்கள். கடைசியில் வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்தது.

ஜூன் வாக்கில் சாயங்காலங்களில் திண்ணையில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பயந்து சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார்கள். "பசியோட வந்திருக்குதுங்க, ஒரு உருண்ட களி குடு." ஊரில் இதற்குக் காற்றுக் கருப்பு என்று பேர் வைக்க எத்தனை நேரம் ஆகும்? பார்க்கின்சனில் இப்படி இல்லாத உருவங்கள் தெரிவது அபூர்வமில்லை. சின்னப் பிள்ளைகள், பூனை, நாய், ஓரக்கண்ணில் யாரோ கடந்து போவது. நோயாலும் வரும், மருந்தாலும் வரும். நடுக்கத்துக்கென்று கொடுக்கிற டிரைஹெக்ஸிபெனிடில் என்ற மாத்திரை வயசானவர்களுக்கு இந்தக் குழப்பத்தை அதிகப்படுத்தும். அத்தைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். பிள்ளைகள் வருவது குறைந்து, நின்றது. கூட்டிப்போய் மந்திரித்திருந்தால் எல்லோரும் மந்திரத்தால் நின்றது என்றிருப்பார்கள். அல்லது நிற்காமலே போயிருக்கும்.

பிள்ளைகள் போனார்கள், துக்கம் போகவில்லை. சாப்பாட்டில் ருசி இல்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்" என்ற பேச்சு. இது மாத்திரை நேரத்தோடு வந்து போகிற ரகம் இல்லை, நாள் முழுக்க இருந்தது. டாக்டர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பைத்தியத்துக்குக் குடுக்கறத இவளுக்குக் குடுக்கறதா?" என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. நான் அவரிடம் சொன்னது இதுதான்: "கை நடுங்குனா மாத்திரை குடுக்கறோம் இல்லீங்களா மாமா, அதே மூளைதானே இதுவும்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இந்த மாத்திரைகள் அப்படித்தான், சில வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் எங்கள் பக்கம் நிறைய. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மருந்து மட்டும்தான் வழி என்று சொல்லவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளின் மனச்சோர்வுக்குத் தொலைபேசி வழியாகவே பேச்சுச் சிகிச்சை கொடுத்து, அது பலன் தருகிறது என்று அமெரிக்காவில் ரோசான் டாப்கின் குழுவினர் 72 பேரை வைத்து நடத்திய ஆய்வு அதே 2020-ல் வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் போனில் செய்ய முடிந்த சிகிச்சை. தமிழில், நம் வட்டாரப் பேச்சு தெரிந்த ஒருவர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அத்தையோடு பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது சொசைட்டிப் பெண்கள்தான். அவர்களில் ஒருவர் சாயங்காலம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அத்தையிடம் பேசிவிட்டுப் போவார். தக்காளி என்ன விலை, யார் மாடு சினை, அவ்வளவுதான்.

நடைக்கு ஒரு வழி கிடைத்தது. உறைந்துபோகும் காலுக்குத் தாண்டுவதற்கு ஒரு கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அசைய ஆரம்பிக்கும். தானாக நடக்கிற பாதை மூளையில் அடைபட்டிருந்தாலும், பார்த்து நடக்கிற பாதை திறந்திருக்கிறது. பிசியோதெரபி செய்பவர்கள் எல்லோரும் அறிந்த முறை. நான் கோலமாவு எடுத்து வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை குறுக்குக் கோடுகளாக ஓர் அடி தள்ளித் தள்ளி இழுத்துவிட்டேன். அத்தை முதல் கோட்டைக் குனிந்து பார்த்தார்கள். வலது காலைத் தூக்கித் தாண்டி வைத்தார்கள். அடுத்தது. அடுத்தது. கொட்டகைக்குப் போய் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் காலையில் மாவு டப்பாவை அவர்களே எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நிலைப்படிகளில் கலர் டேப் ஒட்டினோம்.

பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ராத்திரி நாலு தடவை எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிறவர், மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டே வாழ்கிறவர், பெரும்பாலும் மனைவியோ மருமகளோ மகளோதான். ஊரடங்கில் அவர்களுக்கு மாற்று ஆள் கிடையாது. அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர முடியாது. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, ஒரே போன், அந்தப் போனில்தான் டாக்டரும். எனக்கு நாத்தனார் ஆகஸ்டில் வந்து பத்து நாள் இருந்தார். இ-பாஸ் கேட்ட எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது அந்த மாதம் 17-ம் தேதியிலிருந்து. அந்தப் பத்து நாள் நான் ராத்திரி முழுசாகத் தூங்கினேன். நோயாளியின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிற டாக்டர், பக்கத்தில் நிற்கிறவரிடமும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். எங்கள் டாக்டர் ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

2021 மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு. இந்த முறை சாவு எங்கள் தெருவுக்கே வந்தது. ஆனால் அத்தை முந்தைய வருடம் போல விழவில்லை. மாத்திரை முன்கூட்டியே வாங்கியிருந்தோம், கோடு இருந்தது, நோட்டு இருந்தது, வேலியோரப் பேச்சை மட்டும் யாரும் தடுக்கவில்லை. பயந்தார்கள்தான். அந்த மே மாதத்தில் பயப்படாதவர் யார்? எல்லோரும் பயந்த அதே பயம்.

அந்த ஆகஸ்ட் 5-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று கிராமத்தில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். வீடு வீடாகப் போகிற அந்த அக்காக்களின் கேள்விகளில் மனசைப் பற்றியும் இரண்டு சேரவேண்டும் என்பது என் ஆசை. தூக்கம் வருகிறதா, பயம் எத்தனை மணிக்கு வருகிறது. கேட்கக் கொஞ்ச நேரம் போதும். 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்ந்திருக்கிறது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது, அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

போன மாதம் மாரண்டஅள்ளியிலிருந்து ஒருவர் அழைத்தார், அவர் அப்பாவுக்கு இதே நோய். ஊரடங்கெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் அவர் அன்றைக்கு அடைந்தவர்தான், வெளியே வருவதே இல்லை, பயப்படுகிறார் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒரு வாரம் எழுதச் சொன்னேன். திரும்ப அழைத்தபோது, விடிகாலை நாலு மணிக்கு அக்கா, தினமும் அதே நேரம் என்றார். ராத்திரி கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்றேன். எட்டு மணிக்கு. புதன்கிழமை சேலத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். எழுதிய தாளை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.